ஒரு இரும்பு வளையத்தின் கதை: ஹோஸ் கிளாம்ப் வரலாறு

கார் பானட்டைத் திறந்தால் கறுப்பு ரப்பர் குழாய்கள் கண்ணில் படும். அந்தக் குழாய்களின் முனைகளில் ஒரு சின்ன உலோக வளையம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஹோஸ் கிளாம்ப். கடையில் ஹோஸ் கிளிப் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். காரின் மொத்த விலையில் அதன் பங்கு ஒன்றுமே இல்லை எனலாம். ஆனால் அது ரேடியேட்டர் குழாயில் நழுவினால் எஞ்சின் கொதிக்கும். பெட்ரோல் குழாயில் நழுவினால் வண்டியே எரியும். படகில் நழுவினால்? படகு மூழ்கும்!

இந்த வளையத்தில் ஏன் இத்தனை வகைகள்? திருகு வைத்தது, ஸ்பிரிங் போல இருப்பது, காது வைத்தது, போல்ட் வைத்தது... எல்லாம் செய்வது ஒரே வேலைதானே? இதற்கான பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது. ஒவ்வொரு வகையும், ஏற்கனவே இருந்த வகையால் சமாளிக்க முடியாத ஏதோ ஒரு வேலைக்காகப் பிறந்தது. அந்த வரலாறு தெரிந்தால், எந்த இடத்துக்கு எந்தக் கிளாம்ப் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கயிறும் கம்பியும்

ஹோஸ் என்ற பொருளே முதலில் தீயணைப்புக்காகத்தான் பெரிதாகப் பயன்பட்டது. 1670களில் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹெய்டன் என்ற ஓவியர், தன் சகோதரருடன் சேர்ந்து தோலால் ஆன தீயணைப்புக் குழாயை உருவாக்கினார். ஆம், ஓவியர்தான்! செருப்புத் தைப்பதுபோல் தோலைத் தைத்து அந்தக் குழாயைச் செய்தார்கள். அதுவரை வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், முதல்முறையாகத் தீயின் அருகிலேயே தண்ணீரைக் கொண்டுபோக முடிந்தது.

தோல் குழாயைப் பித்தளை முனையோடு எப்படி இணைப்பது? பித்தளை முனையில் வரப்பு போன்ற மேடுகள் இருக்கும். அதன்மேல் குழாயை ஏற்றி, வெளியே கயிறோ கம்பியோ சுற்றி இறுகக் கட்டுவார்கள். ஹோஸ் கிளாம்பின் தாத்தா இந்தக் கட்டுதான். நன்றாகக் கட்டத் தெரிந்தவர் கட்டினால் நிற்கும். மற்றவர் கட்டினால் தண்ணீர் அடிக்கும்போது பிய்த்துக்கொள்ளும்.

அடுத்த திருப்பம் ரப்பர். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப் போகும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டுபிடித்தார். 1844இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பிறகு துணியும் ரப்பரும் சேர்ந்த குழாய்கள் வந்தன. 1870இல் அக்ரான் நகரில் பெஞ்சமின் குட்ரிச் தொடங்கிய தொழிற்சாலையின் ஆரம்ப காலப் பொருள்களில் முக்கியமானது தீயணைப்பு ஹோஸ்தான்.

கார் வந்தது, சிக்கலும் வந்தது

தீயணைப்பு ஹோஸ் எப்போதாவது ஒருமுறை வேலை செய்யும். காரின் ரேடியேட்டர் ஹோஸுக்கு வண்டி ஓடும் நேரமெல்லாம் வேலை. எஞ்சின் ஆடிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் சட்டத்தோடு நிற்கும். இரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் சீக்கிரமே விரிசல் விடும். அதனால்தான் இடையில் ரப்பர் ஹோஸ் வைக்கிறார்கள். உள்ளே கொதிக்கும் தண்ணீர், வெளியே ஆட்டம், மேலே சூடு. இந்த மூன்றையும் தாங்கும் பிடி தேவைப்பட்டது.

ஆரம்பகாலக் கார்களில் இருந்தது எளிய பட்டைக் கிளாம்ப். ஒரு தகடு வளைந்து வரும். அதன் இரண்டு முனைகளிலும் ஓட்டை இருக்கும். ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குவார்கள். இதில் இரண்டு குறைகள். ஒன்று, முனைகள் சந்திக்கும் இடத்தில் வளையம் முழு வட்டமாக இருக்காது. அந்த இடைவெளியில் அழுத்தம் குறையும், கசிவு அங்கேதான் தொடங்கும். இரண்டு, ஒவ்வொரு அளவு ஹோஸுக்கும் ஒரு தனிக் கிளாம்ப் வேண்டும். அளவு கொஞ்சம் மாறினாலும் பொருந்தாது. வழியில் வண்டி நின்றால் சரியான அளவைத் தேடி எங்கே போவது?

கமாண்டர் ராபின்சன்

இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைத்தது. லம்லி ராபின்சன் பிரிட்டிஷ் கடற்படையில் கமாண்டர். 1921இல் லண்டன் காப்புரிமை அலுவலகம் அவருடைய கிளிப்புக்குக் காப்புரிமை வழங்கியது. அவர் அதற்கு வைத்த பெயர் ஜூபிலி கிளிப்.

அமைப்பு மிக எளிது. ஒரு உலோகப் பட்டை. அதில் வரிசையாகச் சாய்ந்த பள்ளங்கள். பட்டையின் ஒரு முனையில் ஒரு சிறிய கூடு, அதற்குள் ஒரு திருகு. பட்டையின் மறுமுனையைக் கூட்டுக்குள் நுழைத்துத் திருகைத் திருப்பினால், திருகின் மரை அந்தப் பள்ளங்களில் பிடித்துப் பட்டையை இழுக்கும். வளையம் சுருங்கும். திருப்புவதை நிறுத்தினால் அப்படியே நிற்கும், தானாகப் பின்னால் போகாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது. ஒரே கிளிப் பல அளவு ஹோஸ்களுக்குப் பொருந்தும். கழற்றி மீண்டும் மாட்டலாம். கருவி என்று பார்த்தால் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். அதாவது கடைக்காரர் நூறு அளவுகளை அடுக்கி வைக்கத் தேவையில்லை. மெக்கானிக்கும் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வணிகக் கண்ணோடு பார்த்தால் ராபின்சன் விற்றது இறுக்கத்தை மட்டும் அல்ல, வசதியையும்தான்!

1939இல் ராபின்சன் இறந்தார். அவருடைய மனைவியும் மகனும் தொழிலைத் தொடர்ந்தார்கள். கென்ட் மாவட்டத்தின் கில்லிங்ஹாம் ஊர்ப் பெயரைத் தாங்கி அந்தக் குடும்ப நிறுவனம் வளர்ந்தது. பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயரான ஜூபிலி, பிரிட்டனில் யார் செய்த திருகுக் கிளிப்புக்கும் வழக்குப் பெயராக மாறிவிட்டது. நம்மூரில் எந்தப் பிரதியும் ஜெராக்ஸ் ஆனது போலத்தான். பின்னர் இந்த வகைக்குப் பிரிட்டனில் பிஎஸ் 5315, ஜெர்மனியில் டிஐஎன் 3017 என்று தர நிர்ணயங்களே வந்தன.

காது வைத்த கிளாம்ப்

ஜூபிலி கிளிப்பின் பலமே சில இடங்களில் அதன் பலவீனம். யார் வேண்டுமானாலும் இறுக்கலாம் என்றால், ஒருவர் அதிகமாக இறுக்குவார், ஒருவர் குறைவாக இறுக்குவார். பழுது பார்க்கும் கடையில் இது பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இணைப்புகள் போடும் தொழிற்சாலையில் என்ன ஆகும்? ஒவ்வொரு திருகையும் பல சுற்று திருப்ப நேரமும் ஆகும், இறுக்கமும் ஒன்றுபோல இருக்காது.

1942இல் சுவிட்சர்லாந்தின் ஹோர்கன் ஊரில் ஹான்ஸ் ஓடிக்கர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரோடு சேர்த்தே இன்றும் பேசப்படுவது காது கிளாம்ப். வளையத்தில் ஓர் இடம் மட்டும் மேலே புடைத்துக் காது போல் நிற்கும். குறடு போன்ற கருவியால் அந்தக் காதை நசுக்கினால் வளையம் சுருங்கிவிடும். ஒரே அமுக்கு, வேலை முடிந்தது. அளவிட்ட விசையில் நசுக்கினால் எல்லா இணைப்பும் ஒரே இறுக்கத்தில் இருக்கும். கழற்ற வேண்டுமானால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது குறையா? யாரும் தொடக் கூடாத இடத்தில் அதுவே நிறை. கார் சக்கரத்துக்குச் சுழற்சி தரும் அச்சின் ரப்பர் உறையில் பெரும்பாலும் காது கிளாம்ப் இருப்பது இதனால்தான்.

ரப்பர் சுருங்கும்போது

சூடானால் ரப்பர் விரிவது இரும்பு விரிவதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். எஞ்சின் சூடாகும்போது ரேடியேட்டர் ஹோஸ் தடித்து, இறுக்கிய பட்டைக்குள் நசுங்குகிறது. நசுங்கிய ரப்பர் நாளாக ஆகப் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. இரவில் வண்டி குளிரும்போது ரப்பர் சுருங்கும், பட்டை மட்டும் அப்படியே நிற்கும். நடுவில் மெல்லிய இடைவெளி. காலையில் வண்டிக்கு அடியில் நாலு சொட்டுத் தண்ணீர்! எஞ்சின் சூடானதும் கசிவு நின்றுவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். குளிர்க் கசிவு என்பது இதுதான்.

இதற்கு மருந்து ஸ்பிரிங் கிளாம்ப். ஸ்பிரிங் எஃகால் ஆன வளையம், இரண்டு கொம்புகள். பிளையரால் கொம்புகளை அமுக்கினால் விரியும், விட்டால் பிடிக்கும். ஹோஸ் தடித்தால் அதுவும் விரியும். ஹோஸ் சுருங்கினால் அதுவும் சுருங்கும். பல கார் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே இதைத்தான் மாட்டி அனுப்புகின்றன. பார்க்க மலிவாக இருப்பதால் சிலர் இதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திருகுக் கிளிப்பை மாட்டுகிறார்கள். நல்லது செய்வதாக நினைத்துக் கசிவை விலைக்கு வாங்குவது அங்கேதான்.

பெட்ரோல் அழுத்தம் கூடியபோது

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு, அரை பார் கூட இருக்காது. 1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. அதில் அழுத்தம் சுமார் 2 பார். பின்னால் வந்தவற்றில் அழுத்தம் இன்னும் கூடியது. பழைய ஹோஸும் பழைய கிளிப்பும் இதற்குப் போதாது. இங்கே கசிவது தண்ணீர் இல்லை, பெட்ரோல். பக்கத்திலேயே சூடான எஞ்சின்.

திருகுக் கிளிப்பில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் பள்ளங்கள் மேலே மட்டும் அழுத்தப்பட்டிருக்கும், உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். இன்னொன்றில் பட்டையே ஓட்டை ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கும். இறுக்கும்போது மென்மையான ரப்பர் அந்த ஓட்டைகளுக்குள் பிதுங்கி அறுபடும். எரிபொருள் குழாய்க்கு என்றே வந்த கிளாம்பில் ஓட்டைகள் கிடையாது. ரப்பரை வெட்டாதபடி ஓரங்களும் மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும்.

டர்போ எஞ்சின்களில் சிக்கல் வேறு. அங்கே ஹோஸ் பெரியது. ஹோஸைப் பிடுங்கும் விசை அதன் பரப்பைப் பொறுத்தது. 25 மி.மீ ஹோஸில் 1 பார் அழுத்தம் இருந்தால் அதைத் தள்ளும் விசை சுமார் 5 கிலோ. 75 மி.மீ ஹோஸில் 2 பார் என்றால் கிட்டத்தட்ட 90 கிலோ! ஒரு ஆள் முழு எடையோடு தொங்குவதற்குச் சமம். சாதாரணத் திருகுக் கிளிப் இங்கே திணறும். அகலமான பட்டையும் தடித்த போல்ட்டும் கொண்ட டி-போல்ட் கிளாம்ப் இதற்காக வந்ததுதான். ஒருவகையில் பார்த்தால் பழைய போல்ட் கிளாம்பே குறைகள் நீங்கித் திரும்பி வந்திருக்கிறது. முனைகள் சந்திக்கும் இடைவெளிக்கு அடியில் ஒரு நாக்குத் தகடு வைத்து வட்டத்தை முழுமையாக்கிவிட்டார்கள்.

கடலில் ஒரு கணக்கு

படகின் அடியில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஹோஸ் இணைப்புகள் இருக்கும். அங்கே 30 செ.மீ ஆழத்தில் 25 மி.மீ ஹோஸ் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கும் மேல் தண்ணீர் உள்ளே வரும். ஆள் இல்லாமல் கரையோரம் கட்டிவைத்த படகு ஒரே இரவில் மூழ்க இது போதும். அதனால்தான் படகுக்காரர்கள் ஒரு இணைப்புக்கு இரண்டு கிளாம்ப் போடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். பட்டை பளபளப்பான ஸ்டெயின்லெஸ், உள்ளே திருகு மட்டும் முலாம் பூசிய சாதா எஃகு என்று விற்கிற கிளிப் உண்டு. உப்புத் தண்ணீரில் திருகு முதலில் துருப்பிடித்து உடையும். டிஐஎன் முறையில் இதைக் கண்டுபிடிக்கக் குறியீடே இருக்கிறது. டபிள்யூ 1 என்றால் முழுவதும் முலாம் பூசிய எஃகு. டபிள்யூ 2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு முலாம் பூசிய எஃகு. டபிள்யூ 4 என்றால் திருகு உட்பட எல்லாம் ஸ்டெயின்லெஸ். டபிள்யூ 5 என்றால் கடல்நீரையும் தாங்கும் 316 ரகம்.

அப்படியானால் எது நல்லது?

இந்த வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வியே தவறு என்பது புரியும். கேட்க வேண்டியவை நான்கு. ஹோஸ் சூடாகி விரிந்து சுருங்குமா? அப்படியென்றால் ஸ்பிரிங். அழுத்தமும் அளவும் பெரிதா? டி-போல்ட். ஒருமுறை போட்டால் யாரும் தொடக் கூடாதா? காது கிளாம்ப். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டுமா, அளவு உறுதியாகத் தெரியாதா? அப்போது ராபின்சனின் கிளிப்தான். எந்த வகையானாலும் பெட்ரோல் குழாயில் ஓட்டைப் பட்டை கூடாது, உப்புத் தண்ணீரில் டபிள்யூ 2 கூடாது.

ஜூபிலி கிளிப் உலகம் முழுவதும் பரவியதற்குக் காரணம், எல்லா இடத்திலும் அதுவே சிறந்தது என்பதல்ல. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அது சமாளித்துவிடும் என்பதுதான். வழியில் நின்றுபோன வண்டிக்குச் சமாளிப்பு போதும். வீடு வந்து சேர்ந்த பிறகு, அந்த இடத்துக்கு உரிய கிளாம்பை வாங்கி மாட்டிவிட வேண்டும்.