ஒரே தட்டு, இரண்டு பிள்ளைகள்

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் ஓர் அட்டவணை வரும். புரதம் குறைந்தால் குவாஷியார்கர். புரதமும் கலோரியும் சேர்ந்து குறைந்தால் மராஸ்மஸ். இரண்டு மதிப்பெண் கேள்வி, மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வந்துவிடலாம். அதன் முதல் வரி நான் பிறப்பதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன். ஆட்டியவர்களில் ஒருவர் சேலத்துக்காரர்.

அவருக்கு முன்னால் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த இந்த மருத்துவர் 1929ல் பிரிட்டிஷ் காலனியான கோல்ட் கோஸ்ட்டுக்கு, இன்றைய கானாவுக்கு, வேலைக்கு வந்தார். அங்கே மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்தார். கையும் காலும் வீங்கியிருக்கும், தோல் கருத்து உரியும், முடி வெளுக்கும், பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல் சிணுங்கிக்கொண்டே கிடக்கும். இது பெல்லாக்ராதான் என்று அடித்துச் சொன்ன பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். வில்லியம்ஸ் உள்ளூர்ப் பெண்களிடம் இதற்கு என்ன பேர் என்று கேட்டார். கா மொழியில் ஒரு சொல் கிடைத்தது: அடுத்தது பிறந்ததும் மூத்ததுக்கு வரும் சீக்கு. தாய்ப்பாலை இழந்த பிள்ளையை நாம் சவலை என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் அதே கவனிப்பு. இரண்டு ஊர்த் தாய்மார்களும் நோயை உடம்பில் மட்டும் பார்க்கவில்லை, குடும்பத்துக்குள் அது வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

1933ல் முதல் கட்டுரை. 1935ல் லான்செட் இதழில் அந்தக் கா மொழிப் பெயரோடே இன்னொன்று. புரதக் குறைவு காரணமாக இருக்கலாம் என்பதை விலக்க முடியாது, அவ்வளவுதான் வில்லியம்ஸ் எழுதியது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஜாக்கிரதை இல்லை. 1950களிலும் 60களிலும் உலகத்தின் பசி என்றாலே புரதப் பசி என்று ஆனது. ஐ.நா. சபை 'வரப்போகும் புரத நெருக்கடி' பற்றி அறிக்கை வெளியிட்டது. மீன்மாவு, சோயா மாவு எல்லாம் போதாதென்று பெட்ரோலியத்தில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுக்கும் வேலையும் நடந்தது. பெட்ரோலியம்! பிள்ளைகளின் வீட்டில் சோறே போதவில்லை என்பதைவிட இது பேசுவதற்கு வசதியான விஷயமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சி. கோபாலன். 1918ல் சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறிய பின் அதன் இயக்குநரானார். அவர் செய்தது எளிமையான வேலை: நோய் வந்த பிறகு காரணம் தேடாமல், வருவதற்கு முன்பே பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது. 1968ல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. குவாஷியார்கர் வந்த பிள்ளைகளும் மராஸ்மஸ் வந்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். புரத அளவில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பசிக்கு ஈடுகொடுத்து மெலிந்த உடம்பு மராஸ்மஸ், ஈடுகொடுக்க முடியாமல் உடைந்த உடம்பு குவாஷியார்கர் என்றார் அவர்.

என் தொழிலில் இது பழகிய தலைவலி. ஒரே உள்ளீடு கொடுத்தும் இரண்டு சர்வர்கள் வேறுவேறு விடை தந்தால், நாம் பார்க்காத ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளீட்டையே திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை. கோபாலன் ஹார்மோன்களில் தேடினார். 1974ல் டொனால்ட் மெக்லாரன் புரதப் பைத்தியத்தை லான்செட்டில் கிழித்துத் தொங்கவிட்டார். சிகிச்சையும் மாறியது. கடுமையாக நலிந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் கொடுக்கும் எஃப்-75 பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. 'புரதக் குறைவு' நோய்க்கு முதல் மருந்து புரதம் குறைந்த பால்!

தேட வேண்டிய இன்னொரு இடம் குடல். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் மாத்தனும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். நோயென்று எதுவும் சொல்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் விரல்போல நிற்க வேண்டிய உறிஞ்சிகள் தடித்து, தட்டையாகியிருப்பதை 1972ல் எழுதினார்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்கும் மரபணுக் கருவிதான் அன்று இல்லை.

அது வந்த பிறகு, ஜெஃப்ரி கார்டனின் குழு கோபாலனின் புதிரை இன்னும் இறுக்கமாகக் கட்டிப் பார்த்தது. தெற்கு மலாவியில் 317 இரட்டைப் பிள்ளை ஜோடிகளை மூன்று வயது வரை தொடர்ந்தார்கள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே மக்காச்சோளக் களி. 43 சதவீத ஜோடிகளில் ஒரு பிள்ளை மட்டும் நலிந்தது, மற்றது தப்பியது. 2013ல் முடிவு வெளியானது. குவாஷியார்கர் வந்த பிள்ளையின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தி, மலாவிச் சாப்பாட்டையும் கொடுத்தபோது எலிகள் வேகமாக இளைத்தன. வழக்கமான எலித்தீனி கொடுத்தால் அப்படி ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கெடுதி.

கிருமிதான் வில்லன் என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. அதே ஆண்டு மலாவியில் 2767 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 7.4 சதவீதமும், அமாக்சிசிலின் பெற்றவர்களில் 4.8 சதவீதமும் இறந்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் நைஜரில் அமாக்சிசிலினை வைத்து நடத்திய சோதனையில், குணமடைவதில் அப்படியொரு தெளிவான பலன் தெரியவில்லை. ஊருக்கு ஊர் குடல் வேறு.

நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிப்பது டாக்காவில் நடந்ததை. உள்ளூர்க்காரர்கள் காலரா ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஆய்வு மையத்தில் தஹ்மீத் அகமதுவும் கார்டனும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: நலிந்த பிள்ளையின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் அதன் வயதுக்கு முதிராமல் நின்றுவிட்டது. அதை முதிர வைக்கும் சாப்பாடு எது? கிடைத்த பட்டியலில் அயல்நாட்டுச் சரக்கு எதுவுமில்லை. கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, மசித்த வாழைக்காய். மீர்ப்பூர்க் குடிசைப் பகுதியில் 123 பிள்ளைகள், மூன்று மாதம், நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 25 கிராம். ஒரு பாதிக்கு இந்தக் கலவை. மறுபாதிக்கு வழக்கமான துணை உணவு, அதில் கலோரி அதிகம்: நாளுக்கு 247, இதில் 204. 2021ல் வந்த முடிவில், கலோரி குறைந்த வாழைக்காய்க் கலவையைச் சாப்பிட்ட பிள்ளைகள்தான் வேகமாக எடை ஏறியிருந்தார்கள்.