சேரியும் வசையும்
(கீழைக் கரையின் எதிரணி வசைமரபு பற்றிச் சில குறிப்புகள்)

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் உதைபந்தாட்டம் நடைபெறும் மாலைகளில், எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்போர் உள்ளே ஆடுவோரிலும் கூடுதலாகக் களைத்துப் போவதை நாம் கண்டிருக்கிறோம். எதிரணிப் பந்துகாப்பாளனின் நடை, அவனது தகப்பனின் தொழில், அவன் பிறந்த ஊர், அவ்வூர்ப் பெண்கள் என வசை படிப்படியாக விரிந்து செல்லும். முகஞ்சுழிக்கும் பெரியவர்கள் இதனைத் தொலைக்காட்சி கொணர்ந்த நோய் என்பர். நமது பண்பாட்டில் இத்தகைய வழக்கம் இருந்ததில்லை என்றும் கூறுவர். இரண்டாவது கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. எதிரணியைக் கூட்டமாக நின்று பாடிப் பழித்தல் இக்கரைக்கு மிகப் பழையதொரு கலை. அக்கலையின் அறம் எத்தகையது, இன்று அதிலே எது முறிந்துள்ளது என்பனவே நாம் இங்கு எழுப்பும் வினாக்கள்.

மட்டக்களப்புத் தமிழகத்தின் (அம்பாறை தனி மாவட்டமானது 1961இலே தான்) கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது கொம்பு விளையாட்டு. மழை பொய்த்த காலத்திலும் கொள்ளை நோய் பரவிய காலத்திலும் அம்மனைக் குளிர்விக்கும் பொருட்டு ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். போர்த்தேங்காய் அடித்தலோடு போட்டி சூடேறும். பின்னர் வளைந்த வைரமான இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இரு சேரியாரும் இழுப்பர். கொம்பு முறிந்த சேரி தோற்ற சேரி. வென்றவர் ஆடிப்பாடி மற்றவரைப் பழிப்பர். அடுத்த கொம்பு மாறி முறிந்தால் வசையும் கைமாறும். அவ்வசைகளிற் பல, கேட்போர் காதைப் பொத்தும் தன்மையன. அச்சேறிய நாட்டார் பாடற் றொகுதிகளிற் காதற் கவிகளுக்குக் கிடைத்த இடம் இவற்றுக்குக் கிடைக்காமற் போனதன் காரணமும் அதுவே.

இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்களக் கிராமங்களிற் பத்தினி தெய்வத்துக்கு எடுக்கப்படும் ‘அங்கெலிய’ இதன் உடன்பிறப்பு. அங்கே அணிகள் உடுபில, யடிபில எனப்படும். அம்பாறைக் கரையின் தென்கோடியில், தமிழரும் சிங்களவரும் மணவுறவு கொண்டு வாழ்ந்த பாணமையில் இவ்விளையாட்டு நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இதனை விவரிக்கிறான். கொளுவிய கோல்களையும் வென்றோர் ஆடிய ஆட்டத்தையும் கூறிவிட்டு, அவர்கள் பாடிய சொற்களை எழுதாமல் விடுகிறான். சொன்னவர்க்கு அது இழுக்காயின் திருப்பிச் சொல்லும் தனக்கும் இழுக்கு என்பது அவனது நியாயம். முன்னர் தானும் இரசித்த இவ்விளையாட்டை இரண்டாம் இராசசிங்கன் தண்டப்பணம் விதித்துத் தடுத்தான் என்றும் அவன் குறிப்பிடுகிறான். தடையும் தணிக்கையும் ஒரே பக்கத்திலே தோன்றுவது கவனிக்கத்தக்கது. பிற்காலத்து நம்மவர் தொகுப்புகளில் விழுந்த மௌனத்துக்கு நொக்ஸ் ஒரு முன்னோடி எனல் தகும்.

ஆயின் இவ்வசை ஏன் கொலையாக மாறவில்லை? கைகலப்பு நிகழாமலில்லை. எனினும் கொம்பு முறிந்த மறுநாளும் ஊர் ஊராகவே இருந்தது. இதற்கான விடையை நாம் உறவுமுறையிலே தேடுதல் வேண்டும். இக்கரையிற் குடி தாய்வழி வருவது. சேரியோ பொதுவாகத் தந்தைவழி வருவது. ஆகவே குடியால் ஒன்றாயிருப்பவன் சேரியால் எதிரியாகலாம். எதிர்ச்சேரியில் நிற்பவன் பெரும்பாலும் மாமன் மகன், மச்சான், அல்லது நாளை மச்சானாகப் போகிறவன். மச்சானைக் கேலி செய்தல் தமிழ் உறவுமுறை வழங்கிய உரிமை. கொம்புவசை அவ்வுரிமையை ஊரளவுக்குப் பெருப்பித்தது. வசைக்கு நாளும் களமும் வரையறுக்கப்பட்டிருந்தன. பழித்தவனுக்குப் பழிக்கப்படும் முறை காத்திருந்தது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவ்விளையாட்டின் அவமானத்தை உளப்பகுப்பாய்வு வழியே ஆராய்கிறார். அவரது நுட்பத்தை மதிக்கும் நாம், அவமானத்தைத் தாங்க வைத்த சமூக ஏற்பாட்டுக்கே முதலிடம் தருவோம்.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரோடு நாம் மாறுபட வேண்டியுள்ளது. மிகயில் பக்தீனின் நூலைப் படித்துவிட்டு, மக்களின் கொச்சைமொழி அனைத்தும் அதிகாரத்துக்கு எதிரான சிரிப்பு எனக் கொண்டாடுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. கொம்புவசையில் யார் யாரைப் பாடினர்? கோயில் உரிமையுடைய குடிகளின் ஆண்கள் அத்தகைய ஆண்களையே பாடினர். பாட்டின் பொருளோ அவர்களது தாயும் மனைவியும் சகோதரியும். அப்பெண்களுக்குப் பதிற்பாட்டு இல்லை. பறையடித்தவனுக்கும் துணி வெளுத்தவனுக்கும் போடியாரைப் பழிக்கும் முறை எந்தக் கொம்பிலும் வந்ததில்லை. கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக ஒரு நகரையே எரித்தவளின் முற்றத்தில், அவளது பெயராலேயே பெண் இழிவுபடுத்தப்பட்டமை நிலமானிய சமூகத்தின் முரண். அதனைச் சடங்கு என்று கூறி மூடிவிட முடியாது.

இதற்கு மாறான ஓர் உதாரணம் பக்கத்து ஊரிலேயே உண்டு. கண்ணகி சடங்கு முஸ்லிம்களுக்கு உரியதன்று. ஆனாற் குடிமுறை அவர்களிடமும் உண்டு, மச்சான் மச்சி கேலியும் உண்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் திரட்டிய கிராமியக் கவிகளிலே மச்சான் எய்யும் சொல்லம்புக்கு மச்சி அதனிலும் கூரிய அம்பை விடையாக எய்கிறாள். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தார். எந்தப் புலவரிடமும் பாடங்கேளாத அப்பெண், பழிகரப்பிற் கைதேர்ந்தவள். பழிக்கப்பட்டவருக்கு வாய் இருந்ததா என்பதே நமது அளவுகோல். சொல் கொச்சையானதா என்பதன்று. கேலிக்கும் கொடுமைக்கும் இடையிலான கோட்டை நாம் அங்கேதான் வரைகிறோம்.

இவ்வளவுகோலோடு மீண்டும் மைதானத்துக்கு வருவோம். அங்கே எதிரணி பலவேளை வேற்றூர் மட்டுமன்று, வேற்றுச் சமூகமுமாகும். பள்ளியிலும் சந்தையிலும் தமிழ் இளைஞனும் முஸ்லிம் இளைஞனும் ஒருவரையொருவர் ‘மச்சான்’ என்றே விளிக்கின்றனர். ஆயினும் அது சொல்லளவிலான மச்சான்முறை. மணவுறவின் காப்பு அதற்கு இல்லை. அதற்கும் மேலாக இரத்தம் உண்டு. 1985 ஏப்பிரலிற் காரைதீவையும் அயலூர்களையும் எரித்த கலவரமும், 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டமையும், அதே காலத்தில் இம்மாவட்டத் தமிழ்க் கிராமங்கள் கண்ட கொலைகளும் இன்னும் குடும்பங்களின் நினைவில் உள்ளன. பந்துகாப்பாளனின் நடையைப் பழிப்பது ஒன்று. அவனது ஊரின் இறந்தோரைப் பாட்டாக்குவது வேறு. பின்னதற்கு எந்தக் கொம்பிலும் பதிற்பாட்டு இல்லை. இறந்தோர் திரும்பி வந்து பாடமாட்டார்.

கிளாஸ்கோ நகரின் செல்ற்றிக், றேஞ்சர்ஸ் கழகங்களின் பகை இவ்வகையிலே நமக்குப் பாடமாகிறது. 1840களின் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்திற் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். தப்பி வந்தோரின் சந்ததியினரை நோக்கி, பஞ்சம் தீர்ந்துவிட்டதே, ஏன் இன்னும் வீடு திரும்பவில்லை என்று கேட்கும் பாட்டொன்றை எதிரணியினர் பாடினர். அது இனவெறிப் பாட்டே என 2009இல் ஸ்கொட்லாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ‘உன் இடத்துக்குத் திரும்பிப் போ’ என்ற அடி இலங்கையில் எத்தனை மெட்டுகளிற் பாடப்பட்டுள்ளது என்பதை வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2012இல் அங்கு நடைமுறைக்கு வந்த தனிச்சட்டமோ, தொழிலாளர் இளைஞர்களையே குறிவைக்கிறது என்ற கண்டனத்துக்கு உள்ளாகி 2018இல் நீக்கப்பட்டது.

நமது நாட்டிலும் சட்டம் தீர்த்துவைக்கும் என நாம் நம்பவில்லை. பகைமையைத் தூண்டும் பேச்சைத் தடுக்கவென வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2019இற் சக்திக சத்குமார என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகச் சிறை சென்றார். அஹ்னாப் ஜஸீம் என்ற இளங்கவிஞர் 2020இற் கைதானது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். அவர் விடுதலை பெற 2023 ஆயிற்று. மேடையில் நின்று ஒரு சமூகத்தையே பழித்த பெரியவர்கள் அக்காலமெல்லாம் வெளியிலேயே இருந்தனர். இராசசிங்கனின் தண்டப்பணமும் யாரிடம் அறவிடப்பட்டிருக்கும் என ஊகிப்பது கடினமன்று.

எனவே தடையாணையை நாம் கோரவில்லை. வசைக்கு வரம்பு வைத்தது ஒருபோதும் அரசனின் ஆணையன்று, எதிரே நிற்பவனோடு நாளையும் வாழவேண்டும் என்ற நிலைமையே. அந்நிலைமை முற்றாக மறைந்துவிடவில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி ஒரே பெருந்தெருவிற் கோக்கப்பட்டுள்ளன. ஆட்டம் முடிந்து தென்புறம் திரும்பும் அணியின் வாகனம், சற்றுமுன் தான் பாடிப் பழித்த ஊரின் கடைத்தெருவைக் கடந்தே வீடு செல்ல வேண்டும். அங்கே தேநீர்க் கடை திறந்திருக்கும். ஒரு மாலை நாமும் அவ்வாகனத்தில் இருந்தோம். கடையண்மையில் வந்ததும் பாட்டு தானாகவே தாழ்ந்தது. சாரதி வண்டியை நிறுத்தினார். தொண்டை கட்டியிருந்த இளைஞர்கள் இறங்கி இஞ்சித் தேநீர் கேட்டனர்.