பஞ்சத்துக்குச் சாட்சி சொன்ன காய்ந்த இலை

நோய் பிடித்துக் கருகிய ஓர் உருளைக்கிழங்கு இலையை நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் யாராவது பத்திரமாக வைத்திருப்பார்களா? லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் வைத்திருந்தார்கள். அது எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்போம்.

செடிகளையும் பூஞ்சைகளையும் உலர்த்தி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று சீட்டு எழுதிச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். கியூவில் பூஞ்சைகளுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது. அதில் சுமார் 12.5 லட்சம் மாதிரிகள்!

1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. அங்கே ஏழைகளின் அன்றாடச் சாப்பாடே அதுதான். அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறி வெளிநாடு போய்விட்டார்கள். அந்தக் காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. அதனால் பழி முழுவதையும் நோயின் மேல் போட முடியாது. ஆனால் அது என்ன நோய்?

அதிக மழையும் ஈரமும்தான் காரணம் என்றார் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி. இலையில் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் காரணம் என்று 1846ல் எழுதினார் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற பாதிரியார். அவர் சொன்னது சரியே என்பதை 1861ல் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி சோதனை செய்து நிரூபித்தார். 1876ல் அந்தக் கிருமிக்கு ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று பெயரிட்டவரும் அவர்தான். பெர்க்லி தன் பூஞ்சைச் சேகரிப்பை 1879ல் கியூவுக்குக் கொடுத்துவிட்டார்.

கதை இங்கே முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் உலகமெங்கும் பரவியிருந்தது யுஎஸ்-1 என்ற வகை. பஞ்சத்தை உண்டாக்கியதும் அதுவே என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். 2001ல் பழைய இலைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2013ல் கியூவிலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் இருந்த 11 மாதிரிகளை விரிவாக ஆராய்ந்தார்கள். உண்மையான குற்றவாளி யுஎஸ்-1 அல்ல, அதற்கு நெருங்கிய உறவான வேறொரு வகை என்று தெரிந்தது. அதற்கு ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். ஹெர்பேரியத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர்!

இன்னொரு வேடிக்கை. இந்தக் கிருமி உண்மையில் பூஞ்சையே இல்லை, பழுப்புப் பாசிகளுக்கு உறவு என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அது எந்த வகை என்ற கருத்து மாறியது, சீட்டில் இருந்த பெயர் மாறியது, உறைக்குள் இருந்த இலை மட்டும் அப்படியே இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் அதைத் திரும்ப எடுத்துக் கேள்வி கேட்க முடிந்தது.

கணக்குப் பதிவியலில் வவுச்சர் இல்லாத பதிவை ஆடிட்டர் ஏற்க மாட்டார். ஆராய்ச்சிக்கு ஆதாரமாக வைக்கும் இத்தகைய மாதிரிகளைத் தாவரவியலாளர்களும் 'வவுச்சர்' என்றே அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகம், சுமார் 8.25 லட்சம் மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தது. பராமரிக்கும் செலவைக் கணக்குப் போடுவது சுலபம். வரவு எந்த வருடத்தில், எந்த ரூபத்தில் வரும் என்று யாராலும் எழுத முடியாது. பெர்க்லி காலத்தில் டிஎன்ஏ என்ற சொல்லே கிடையாது. இருந்தும் அந்த இலைகளை யாரும் குப்பையில் போடவில்லை. பத்து லட்சம் பேர் சாவில் பங்கு வகித்த கிருமி எது என்பது இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.