சாப்பாவும் பதிவேடும்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு குறிப்பு

மனச்சோர்வும் பதற்றமும் நவீன வாழ்வு தந்த நோய்கள், முன்னோர் மன அமைதியோடு வாழ்ந்தனர் என்று கருத்தரங்குகளில்கூட எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இக்கூற்றை ஐயுற மட்டாஞ்சேரியின் வரலாறு போதும்.

விடுதலைக்கு முன் கொச்சிக் கோட்டை பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானம். மலபாருக்கான மனநோய் விடுதி 1872இல் கோழிக்கோட்டுக் குதிரவட்டத்திலும், சமஸ்தானத்துக்கானது 1889இல் திருச்சூரிலும் தொடங்கின. பிரிட்டிஷ் இந்தியாவின் 1858, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் இத்தகைய விடுதிகளின் வாயிலில் காவலரையும் நீதிபதியையும் நிறுத்தின. ஆகவே பதிவேட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் தெருவில் அலைந்தோர், பிறருக்கு ஆபத்து எனக் கருதப்பட்டோர். உறக்கமின்றி வீட்டுக்குள் வதங்கியவர் எப்பதிவேட்டிலும் இல்லை. அவர்களுள் சிலர் சோட்டானிக்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குள்ள கீழ்க்காவு மரத்தில் அறையப்பட்ட ஆணிகளைப் புள்ளிவிவரமாக எவரும் எண்ணவில்லை.

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று வினவியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. இதைப் பழைய விடுதிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ‘நோய் பெருகிவிட்டது’ என்பது, பெருங்கண் வலையில் சாளை சிக்காததால் கடலில் சாளையே இல்லை என்பதை ஒக்கும்.

எனினும் எல்லாமே எண்ணும் முறையின் மாயம் என்று நான் கருதவில்லை. மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் நிலவிய ‘சாப்பா’ முறையைப் பாருங்கள். சாப்பா என்பது அன்றைய வேலைக்கான உலோக வில்லை. கூடி நிற்கும் தொழிலாளர் நடுவே கங்காணி அதை வீசியெறிவான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கியவருக்கே வேலை, மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. நாளைக்குக் கூலி உண்டா என்பது எவருக்கும் தெரியாத இவ்வாழ்வை அமைதி என்று அழைக்க முடியுமா? இம்முறைக்கெதிரான போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று, காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, அந்தோணி ஆகியோர் இப்போராட்டத்தில் உயிரிழந்தவர்களாக இன்றும் நினைவுகூரப்படுகின்றனர். (ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படம் பார்த்தவர்களுக்கு இக்காட்சிகள் புதியன அல்ல.)

இன்று உணவு விநியோகிக்கும் இளைஞனின் கைப்பேசியில் விழும் அழைப்பும் ஒருவகைச் சாப்பாவே. வேறுபாடு ஒன்றுண்டு. அன்று வில்லைக்காக முட்டிமோதியவர்கள் ஒரே முற்றத்தில் நின்றனர். பக்கத்தில் இருந்தவனின் முகம் தெரிந்தது. அந்த அச்சம் ‘அநீதி’ என்னும் பெயர் பெற்றுத் தொழிற்சங்கமாகத் திரண்டது. இன்றோ அதே நிச்சயமின்மை தனித்தனித் திரைகளில் வந்து விழுகிறது; மருத்துவரின் அறையில் அது ஒரு தனிமனிதரின் கோளாறாகப் பெயர் பெறுகிறது. அப்பெயர் பொய்யன்று, மருந்து பலருக்கு உதவுகிறது, அதை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் துயரின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் மருத்துவமனை ஆவணங்களோடு நின்றுவிட வேண்டாம். துறைமுகத் தொழிற்சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.