கார் விளக்குகளும் அவற்றின் பழுதுகளும்: ஒரு வரலாறு

காரின் முகப்பு விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் இன்று ஒரே பேட்டரியில் எரிகின்றன. தொடக்கத்தில் அப்படி இல்லை. முதல் கார்களில் பக்கங்களில் எண்ணெய் விளக்கும் முன்னால் கார்பைட் விளக்கும் இருந்தன. கால்சியம் கார்பைட் கட்டியின்மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். அது வெண்சுடராக எரியும். அன்றைய பழுது கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் தீர்ந்திருக்கும், சுண்ணாம்புக் கசடு துளையை அடைத்திருக்கும், இல்லையேல் காற்று சுடரை அணைத்திருக்கும்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் மின்விளக்குகளோடு சேர்ந்து வந்தது. எஞ்சின் டைனமோவைச் சுழற்றும், டைனமோ பேட்டரியை நிரப்பும், பேட்டரி விளக்கை எரிக்கும். வெளிச்சம் கூடியது; ஆனால் பழுது கம்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் வழியாக வெளிநாட்டுக் கார்கள் செட்டிநாட்டுக்கு வந்தன. பிரிட்டிஷ் கார்களின் மின்பாகங்கள் பெரும்பாலும் லூகாஸ் தயாரிப்பு. பர்மிங்காமில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழில் தொடங்கிய ஜோசப் லூகாஸின் நிறுவனம் அது. அந்த விளக்குகள் அடிக்கடி அணைந்ததால் கார்ப் பிரியர்கள் அவருக்கு ‘இருளின் இளவரசன்’ என்று கேலிப்பெயர் வைத்தனர். அந்தக் கேலி முழுக்க நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கீழே காணலாம். மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமம் 1961இல் லூகாஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது.

ஒற்றைக் கம்பி முறை

பள்ளியில் நாம் வரையும் மின்சுற்றில் மின்கலத்திலிருந்து பல்புக்கு ஒரு கம்பி போகும், இன்னொன்று திரும்பி வரும். காரில் திரும்பி வரும் கம்பி பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடலே. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். செப்புக் கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் பல்பு ஹோல்டர் உடலைத் தொடும் இடத்தில் துருவோ களிம்போ ஏறினால் மின்சாரம் திரும்ப வழியில்லை. லூகாஸ் மீது விழுந்த பழியில் ஒரு பங்காவது இந்தத் துருவுக்குச் சேர வேண்டியது.

1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. 1960களின் நடுவில் அவை எதிர்முனைக்கு மாறின. பழைய காரில் கை வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பார்க்காமல் புது ரேடியோவை இணைத்தால் ரேடியோ கருகிவிடும்.

பேட்டரியும் உலோக அரிப்பும் காரைக்குடிக்கு அந்நியமான பாடங்கள் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்குதான் இருக்கிறது. 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். கார் விளக்கை அணைக்கும் துருவும் அதை எரிக்கும் பேட்டரியும் அங்கே ஆய்வுப் பொருள்கள்.

பழுதைக் கண்டறிதல்

என் பழைய காரின் பின்விளக்குக்கு மூன்று முறை பல்பு மாற்றியிருக்கிறேன். பல்பில் குறை ஒன்றுமில்லை. எர்த் திருகாணி துருப்பிடித்திருந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? அதுதான் அடையாளம். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப்போகிறது. ஹோல்டரின் உலோகப் பகுதியிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனியாக ஒரு கம்பி பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பல்பு வாங்க வேண்டாம்; திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தால் போதும். எங்கள் ஊர்ப் பித்தளைப் பாத்திரங்களுக்குப் போடும் புளியை இங்கே போட வேண்டாம். தங்கிவிடும் அமிலம் மேலும் அரிக்கும்.

எரியாத விளக்கைவிட மங்கலாக எரியும் விளக்கு ஏமாற்றக்கூடியது. இழை பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ஓட்டுநர் தம் கண்ணில்தான் கோளாறு என்று நினைப்பார். எல்லா விளக்குகளும் மங்கினால் பேட்டரியையும் டைனமோவையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பு, ஹோல்டர், எர்த். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில விளக்குகள் சேர்ந்து அணைந்தால் ஃபியூஸ். எரிந்த ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் தாளைச் சுற்றிவிடும் பழக்கம் இருந்தது. கம்பி தீப்பிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

டேஷ்போர்டு விளக்குகள்

முன்பு டேஷ்போர்டில் முள் காட்டும் அளவிகளே இருந்தன. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் அவற்றுக்குப் பதில் சிவப்பு விளக்குகள் வந்தன. பேட்டரி விளக்கின் ஒருமுனை சாவிப் பக்கமும் மறுமுனை டைனமோ பக்கமும் இருக்கும். இரண்டு பக்கமும் மின்னழுத்தம் சமமானதும் விளக்கு அணையும். ஓடும்போது எரிந்தால் பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும். டைனமோவுக்குப் பின் வந்த ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இந்தச் சிறு பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் மின்னாக்கத்தைத் தொடங்கி வைக்கும். ஆகவே பல்பு எரிந்துபோனால் பேட்டரியும் நிரம்பாமல் போகலாம்.

ஆயில் விளக்கு எஞ்சினின் உயிரோடு தொடர்புடையது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் எர்த்தைத் தொட்டு அதை எரிக்கும். ஓடும் வண்டியில் அது எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். கம்பி கழன்றிருந்தாலோ ஆபத்திலும் அது எரியாது. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பும் முன் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.