யானைக்குத் தீனி யார் போடுவது?

யானை வாங்குவது பெரிசில்லை, அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிசு என்பார்கள் நம் ஊரில். கோயில் யானை ஆண்டாளைப் பார்த்துப் பழகிய ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்! யானைக்குச் சொன்னது குட்டி விமானத்துக்கும் அப்படியே பொருந்தும்.

குட்டி விமானம் என்றால் பொழுதுபோக்குக்காகப் பறப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ளையிங் கிளப்புக்குப் போகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு விமானத்தை வாடகைக்கு எடுக்கிறீர்கள். திருச்சியில் கிளம்பினால் அரை மணிக்குள் உப்பிலியபுரம். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சமலை, நடுவே பச்சைப் பசேலென்று வயல்வெளி... நினைத்தாலே ஜிலீர் என்கிறது இல்லையா? தரையிறங்கியதும் நீட்டப்படும் பில்லைப் பார்த்தால் வேறு மாதிரி ஜிலீர் என்கும்!

அந்த பில்லுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஆசைக்குப் பறந்தவர்கள் முழுச் செலவையும் தாங்களே கொடுத்த காலம் ரொம்பக் குறைவு. பாதி பில்லை எப்போதும் வேறு யாரோதான் கட்டியிருக்கிறார்கள்.

மதராஸிலிருந்தே ஆரம்பிப்போம். 1910 மார்ச். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த டி'ஏஞ்ஜலிஸ் என்ற கார்ஸிகாக்காரருக்கு விமான மோகம் பிடித்துக்கொண்டது. தானே வடிவமைத்து, சிம்ப்ஸன் கம்பெனியாரின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டினார். பல்லாவரத்தில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் பொதுமக்களுக்குப் பறந்து காட்டினார். சும்மா இல்லை, டிக்கெட் போட்டு! ஹோட்டல்காரர் அல்லவா, கணக்கு தெரிந்தவர். ஆசை அவருடையது, செலவில் ஒரு பங்கு வேடிக்கை பார்த்தவர்களுடையது.

அடுத்து வந்தது அரசாங்கம். முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டனில் என்ஜின்கள் குவிந்து கிடந்தன. ஹால்ஃபோர்ட் என்ற என்ஜினீயர், எட்டு சிலிண்டர் ரெனோ என்ஜினைப் பாதியாக்கி, நாலு சிலிண்டர் என்ஜினாக மாற்றினார். அதைப் பொருத்தி 1925-ல் டி ஹாவிலண்ட் கம்பெனி பறக்கவிட்ட விமானம்தான் 'மாத்' - அந்துப்பூச்சி! இரண்டே சீட். மணிக்கு நாலைந்து காலன் பெட்ரோல் போதும். இறக்கைகளை மடித்து கார் ஷெட்டிலேயே நிறுத்தலாம். அதாவது, ஹாங்கர் வாடகையும் மிச்சம்! அந்தப் பூச்சியைப் பெற்றவர்கள், பறப்பதைவிடச் செலவைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அதே 1925-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு விமானமும் மானியமும் கொடுக்க ஆரம்பித்தது. விளைவு? லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஏமி ஜான்ஸன் என்ற பெண்ணால், சம்பளக் காசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள முடிந்தது! 1930 மே மாதம் அவர் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்கே பறந்தார். வழியில் நம் நாட்டுக்கு மேல் எதிர்க்காற்று வீச, பெட்ரோல் குறைந்துபோய் ஜான்ஸியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்க வேண்டிவந்தது. சரி, அவருக்கு விமானம் வாங்கப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய அப்பா - கூடவே வேக்ஃபீல்ட் பிரபு. காஸ்ட்ரால் எண்ணெய் கம்பெனியின் முதலாளி!

இந்தியாவுக்கும் அந்தக் காற்று அடித்தது. 1928 முதல் டில்லி, பம்பாய் என்று வரிசையாக கிளப்புகள். 1929 பிப்ரவரி 10-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா, இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸை வாங்கினார். 1930-ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் பிறந்தது. அரசாங்கத்தின் உதவி இங்கேயும் இருந்தது. லண்டனுக்குப் படிக்கப் போன நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார், க்ராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான கம்பெனியையே நடத்தினார்!

பெட்ரோல் எப்படி வந்தது என்கிறீர்களா? 1932 அக்டோபர் 15-ம் தேதி கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு டாடா கிளம்பியபோது, அகமதாபாத்தில் அவருடைய விமானத்துக்குத் தேவையான பெட்ரோல் நாலு காலன் டின்களில் வந்தது - மாட்டு வண்டியில்! 1938-ல் அந்தத் தபால் பாதை மதராஸ், திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. தபால் விமானத்துக்குத் தீனி போட்டது தபால் கட்டணம். பொழுதுபோக்கு விமானத்துக்கு மானியம்.

அரசாங்கங்களுக்கு ஏன் இத்தனை தாராள மனசு? 1938 ஜூலையில் பிரிட்டன் 'சிவில் ஏர் கார்ட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மணிக்குச் சில ஷில்லிங் கொடுத்தால் யாரும் பறக்கலாம், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை... நெருக்கடி வந்தால் நாட்டுக்காகச் சேவை செய்ய வர வேண்டும்! அடுத்த வருடமே ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். மலிவு வாடகையின் உண்மையான விலை அப்போது புரிந்தது. இந்தியாவிலும், போர்க்காலத்தில் விமானப்படைக்கு ஆள் பயிற்றுவித்த இடங்களில் இந்த கிளப்புகளும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகும் மானியம் தொடர்ந்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி 1958-ல் 'புஷ்பக்' என்ற இரண்டு சீட் விமானத்தைப் பறக்கவிட்டது. நாடு முழுக்க கிளப்புகளில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்டது அந்தப் புஷ்பக விமானத்தில்தான்.

பிறகு வந்தது 1973. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை முறுக்க, பேரலுக்கு மூன்று டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது.

இங்கேதான் வாடகைக் கணக்கின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். செஸ்னா 172 போன்ற நாலு சீட் விமானம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். முப்பது, முப்பத்தைந்து லிட்டர் குடிக்கும். அதாவது லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு பெரிய கார் அளவுதான்! அப்புறம் வாடகை ஏன் எகிறுகிறது? பறந்தாலும் பறக்காவிட்டாலும் இன்ஷூரன்ஸ் கட்டணும். மெக்கானிக்குக்குச் சம்பளம், ஹாங்கர் வாடகை, குறிப்பிட்ட மணிக்கு ஒருமுறை சோதனை. போதாததற்கு, சுமார் 2,000 மணி ஓடியதும் என்ஜினை முழுசாகப் பிரித்து மேய வேண்டும். இத்தனையும் பறக்கும் மணிகளின் தலையில்தான் விழும்.

பெட்ரோல் விலை ஏறினால் நாலு பேர் வராமல் நிற்பார்கள். மணிகள் குறையும். மிச்சமிருப்பவர்கள் தலையில் சுமை கூடும். வாடகை ஏறும். இன்னும் நாலு பேர் நிற்பார்கள். பெட்ரோல் விலை பிறகு இறங்கினாலும், போனவர்கள் திரும்பி வருவது சந்தேகம். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாதம் நாலு தடவை பறந்தவர், காசு கட்டுபடியாகாமல் வருஷத்துக்கு நாலு தடவை பறப்பார். கைப்பழக்கம் விட்டுப்போகும். சைக்கிளில் அதனால் முட்டிதான் பெயரும்!

அமெரிக்காவையே பாருங்கள். 1978-ல் அங்கே தயாராகி விற்பனைக்குப் போன சிறு விமானங்கள் 17,811. 1994-ல் வெறும் 928! பெட்ரோல் மட்டும் காரணமில்லை. வழக்குகள், இன்ஷூரன்ஸ், வட்டி என்று எல்லாம் சேர்ந்து அமுக்கியதில், 1986-ல் செஸ்னா கம்பெனி இந்த ரக விமானத் தயாரிப்பையே நிறுத்தி, பத்து வருஷம் கழித்துத்தான் திரும்ப ஆரம்பித்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் பறக்கும் பெரிய விமானம் குடிப்பது மண்ணெண்ணெயின் உறவினர். குட்டி விமானத்துக்கோ ஈயம் கலந்த தனி பெட்ரோல் - 'ஆவ்காஸ்' - வேண்டும். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், அதனால் விலையும் அதிகம். ரொம்ப காலம் கப்பலில்தான் வந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய விமானத்தின் எரிபொருளிலேயே ஓடும் டீசல் ரக குட்டி என்ஜின்களும் 2000-க்குப் பிறகு வந்துவிட்டன. நல்ல செய்திதான். ஆனால், பெட்ரோல் பில்லின் ஒரு வரிதானே?

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நீங்கள் சிரிக்கலாம். சிலர் ஆசைக்குப் பறக்க எல்லோருடைய வரிப்பணமா என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று... அந்த நெய் இருந்த காலத்தில் டைப் அடிக்கிற பெண்ணும் வானத்துக்குப் போனாள். நெய் நின்றால் ஆகாயம் காலியாகிவிடாது. பணக்காரர்கள் எப்போதும் பறப்பார்கள். டைப்பிஸ்ட்டுகள் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்!