குடவோலை என்பது ஓட்டுப் பெட்டி அல்ல



நம் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு செய்தி வந்துவிடும். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தான் தமிழன்" என்று தொடங்கும். கூடவே ஒரு கோயில் சுவரின் படம் இருக்கும். நாமும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். அந்தச் சுவரில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால், அது பெருமைப்பட்டுவிட்டு நகர்கிற விஷயமாக இல்லை. அடுத்த மாதம் கூடவிருக்கும் நம் பொதுக்குழுவுக்கு நேராகத் தொடர்புள்ளதாக இருக்கிறது.

உத்திரமேரூர் நமக்குத் தொலைவில் இல்லை. செங்கல்பட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். சுற்றிலும் வயல், பக்கத்தில் பெரிய ஏரி. இன்று அது ஒரு பேரூராட்சி. ஊர் நடுவில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று ஊர்ச் சபை செய்துகொண்ட ஏற்பாடு அது. அரசனின் அதிகாரி ஒருவரும் உடனிருந்தார்.

'வாரியம்' என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதான். மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று இன்றும் சொல்கிறோம். உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், ஊரின் பொதுக் காரியங்களுக்கு ஆண்டு வாரியம், பொன்னை உரைத்துப் பார்க்கப் பொன் வாரியம் என்று தனித்தனியாக இருந்தன. நம்மிடம் தண்ணீர், தோட்டம், பாதுகாப்பு, கணக்கு என்று துணைக்குழுக்கள் இருப்பதைப் போலத்தான்.

ஆள் எடுத்த விதம் இது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ள எல்லோருடைய பெயரையும் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இட்டார்கள். இளையோர் முதியோர் உட்பட மகாசபை முழுவதும் கூடியது. கோயில் நம்பிமாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தை எடுத்துக் காட்ட, எதுவும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அவனே ஓர் ஓலையை எடுத்துக் கொடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்கவேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக்கூடாது என்பதற்காக. அவர் வாசித்த பிறகு நம்பிமார் ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டும். அதன்பிறகே அந்தப் பெயர் உறுதி. இப்படி 30 பேர் வந்தார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவிக்காலம் 360 நாள்.

கவனித்தீர்களா? இதில் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. இது குலுக்கல். யாருக்கு ஆதரவு அதிகம் என்ற கேள்வியே எழவில்லை. தகுதியுள்ள யார் பெயரும் வரலாம், வந்தால் வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது எல்லோருக்குமான ஜனநாயகமும் அல்ல. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது, இவையெல்லாம் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். பெண்களின் பெயர் ஏறவில்லை. அந்த வயல்களில் உழைத்தவர்களின் பெயரும் ஏறவில்லை. வாட்ஸ்அப் செய்தி இதைச் சொல்வதில்லை. வாடகைக்கு இருப்பவர்களைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று நாமும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே பழையவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் நமக்கு உரிமை குறைவு.

அப்படியானால் இந்தக் கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? யாரைச் சேர்க்கலாம் என்ற பட்டியலைவிட, யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல்தான்.

கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் போகாது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப உட்கார முடியாது. அடுத்தது இன்னும் கடுமை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வரமுடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரமுடியாது. சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், உடன்பிறந்தோர் என்று கல்வெட்டு வரிசையாக அடுக்குகிறது. தான் விலகிக்கொண்டு மைத்துனனை உட்காரவைக்கும் தந்திரம் அன்றே தெரிந்திருக்கிறது! பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தது தெரிந்தால், 360 நாள் முடியும்வரை காத்திராமல் உடனே விலக்கவும் வழி வைத்தார்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? ஏரிக்காகத்தான். மழையை நம்பிய ஊரில் ஏரி தூர்ந்தால் நெல் இல்லை. ஆண்டுதோறும் கரையைப் பார்த்து, மதகைச் சரிசெய்து, வண்டலை அள்ளவேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டாவிட்டால், அடுத்த ஆண்டு கொடுப்பதற்கு யாருக்கும் மனம் வராது. நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் உள்ள உறவு இதேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 919இல் ஓர் ஏற்பாடு செய்தவர்கள், இரண்டே ஆண்டில் 921இல் அதைத் திருத்தியிருக்கிறார்கள். முதல் விதியில் வயது வரம்பு 30க்கு மேல், 60க்குள். இரண்டாவதில் அது மாறிவிட்டது, தகுதிக் குறைவுகளின் பட்டியலும் விரிந்துவிட்டது. நடைமுறையில் ஓட்டை தெரிந்திருக்கவேண்டும், அடைத்திருக்கிறார்கள். அடைத்ததைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தார்கள்.

உள்ளாட்சி தானாகவே நிலைத்துவிடாது என்பதற்குப் பழங்காலம் வரை போகவேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். பேரூராட்சிகளும் அப்படித்தான். குடத்தில் ஓலை போட்ட ஊரிலேயே, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல அந்த ஆண்டுகளில் ஒரு வார்டு உறுப்பினர் இல்லை.

இனி நம் வளாகத்துக்கு வருவோம். பொதுக்குழுவில் "குழுவுக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டவுடன் எல்லோரும் கைபேசியைப் பார்க்கிறோம். கடைசியில் பழைய முகங்களே மறுபடி உட்காருகிறார்கள். பிறகு "அவர்களே எப்போதும் இருக்கிறார்கள்" என்று குறையும் சொல்கிறோம்.

இந்தமுறை மூன்று விஷயங்களைப் பேசிப் பார்க்கலாம். ஒன்று, தொடர்ந்து குழுவில் இருந்தவர்களுக்குக் கட்டாய ஓய்வு. இரண்டு, கணக்கு ஒப்படைத்துப் பொதுக்குழு ஏற்றபிறகே மறுபடி போட்டியிடும் தகுதி. மூன்று, துணைக்குழுக்களுக்கு விருப்பமுள்ளோர் பெயர்களையாவது குலுக்கிப் போடுவது. எழுதிய பெயர்களைப் போட ஒரு எவர்சில்வர் குடம் போதும். சீட்டு எடுக்கப் பிள்ளைகள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.

வாங்குபவர் மட்டும் விரல்களை விரித்து வாங்கட்டும்.